சொத்தைத் தாழ்த்திப் பேசிய வழக்கு

மாடிக் குழாயில் காலை நேரத்தில் தண்ணீர் ஏறாது என்று சாவியக்கா சொல்லிவிட்டாள். அதுவும் தானாகச் சொல்லவில்லை. வீடு பார்க்க வந்தவர் கேட்டார், இவள் சொன்னாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டின் சொந்தக்காரருக்குக் கோபம் வந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்ய வேண்டுமானால் மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். புகார் எழுத நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். அவர் உட்கார்ந்தார். புகார், வீட்டுத் தரகர் நல்லொழுக்க ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சாவியக்கா அந்தப் பகுதியில் வெகுகாலமாக வீட்டுத் தரகு பார்ப்பவள். சொந்த அண்ணன் தம்பியை நம்பாதவர்கள்கூட ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதனால்தான் அந்தப் பெயர். அவள் கைப்பை நடக்கும்போதே சத்தம் போடும். அவள் வருவது தெருமுனைக்கு முன்பே தெரியும்.

ஆணையத்தின் அழைப்பாணையைக் கணவர் தையல் இயந்திரத்தின் மேல் விரித்து வைத்துக்கொண்டு படித்தார். அவர் தையல்காரர். எதையும் இரண்டு தடவை அளந்து பார்க்காமல் பேச மாட்டார்.

"சொத்தைத் தாழ்த்திப் பேசுதல்னு போட்டிருக்கு. அப்படி என்ன பேசின?"

"தண்ணி ஏறாதுன்னேன்."

"ஏறுமா?"

"ஏறாது."

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மாட்டிக்கிட்ட. ஏறுற தண்ணிய ஏறாதுன்னு சொல்லியிருந்தா, ஏதோ ஞாபக மறதின்னு தப்பிச்சிருக்கலாம்."

ஆணையத்தின் வாசலில் ஒரு காவலாளி இருந்தார். உள்ளே போகிறவர்கள் தரகர் உரிமத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் வில்லையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். சாவியக்கா அப்படியே செய்தாள். உள்ளே இருந்த எழுத்தர் கையை நீட்டினார்.

"உரிமம்?"

"வாசல்ல வாங்கி வெச்சுக்கிட்டாங்க சார்."

"அப்ப உரிமம் இல்லாம ஆணைய வளாகத்துக்குள்ள வந்திருக்கீங்க." எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். "இது இரண்டாவது குற்றம்."

"இதோ, போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"விசாரணைக்கு வந்தவங்க பாதியில வெளிய போனா ஆஜராகாத குற்றம். போறதா இருந்தா சொல்லுங்க, அதையும் எழுதிடறேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சில் ஏற்கெனவே ஒரு தரகர் உட்கார்ந்திருந்தார். பார்த்துப் பழகிய முகம். அவருடைய பெயர்ப்பலகையில் 'வீடு' என்ற சொல் 'உரிமம்' என்ற சொல்லைவிடப் பெரிதாக இருந்ததாம். அளவெடுக்க ஆணையத்திலிருந்து ஏணியோடு ஆட்கள் வந்தார்களாம்.

"அண்ணே, ஒரே மனையை மூணு பேருக்கு வித்தாரே, அவரைக் கூப்பிடலையா?" என்று சாவியக்கா மெல்லக் கேட்டாள்.

"மூணு பத்திரக்காரரா? உள்ளதான் இருக்காரு."

"விசாரிக்கிறாங்களா?"

"இல்லம்மா. பாடம் எடுக்கிறாரு."

விசாரணை அறையில் உயரமான மேடையும், அதன்மேல் உயரமான நாற்காலியும், அதில் ஆணையத் தலைவரும் இருந்தார்கள். தலைவர் தன்னை 'நான்' என்று சொல்லும் பழக்கத்தை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. "ஆணையத்துக்குத் தாகமா இருக்கு" என்பார். பணியாள் தண்ணீர் கொண்டுவருவார். "ஆணையத்துக்கு முதுகு வலிக்குது" என்பார், தலையணை வரும்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் தொடங்கினார்.

"இந்த ஆணையம் தொடங்கின நாள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு மோசடியைக்கூடக் கண்டுபிடிச்சதில்ல. ஏன்? மோசடி நடக்கறதில்ல. நடந்திருந்தா கண்டுபிடிச்சிருக்க மாட்டோமா? அப்படிப்பட்ட நல்ல பேரை நீங்க ஒரு குழாயால கெடுத்திருக்கீங்க."

"வந்தவர் கேட்டாருங்க."

"கேப்பாரு. கேக்கிறது வாங்குறவரோட உரிமை. அதுல ஆணையம் தலையிடாது. பதில் சொன்னதுதான் உங்க குற்றம்."

"பின்ன, அவர் கேட்டா நான் என்னங்க சொல்லணும்?"

தலைவரின் முகம் மலர்ந்தது. குற்றவாளி திருந்தத் தொடங்கும் கணத்தை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். "அதுக்குத்தான் பயிற்சி வெச்சிருக்கோம்," என்றார்.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. நல்வாக்குப் பயிற்சியில் சேர வேண்டும். தேர்வில் தேற வேண்டும். தேறும்வரை உரிமம் வாசலில் காவலாளியிடமே இருக்கும். கைவசம் உள்ள சாவிகளை எல்லாம் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சாவிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். அது ஒரு மாதிரி இருந்தது. சிலர் "என்ன பண்ணிட்டே அப்படி?" என்று கதவை முழுசாகத் திறக்காமலே கேட்டார்கள், அது இன்னொரு மாதிரி இருந்தது. மாடி வீட்டு நர்ஸ் மட்டும் சாவியை வாங்க மாட்டேன் என்றாள். "ஆணையத்துக்கு என் வீட்டுச் சாவி எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? பேசாம வெச்சுக்குங்கக்கா. நான் நைட் ட்யூட்டி போனா யார் பூனைக்குச் சோறு வைக்கிறது?" சாவியக்கா அதை மட்டும் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கைப்பை சத்தமே போடவில்லை. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பயிற்சி வகுப்பில் மூணு பத்திரக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்றார். அவரை இதற்கு முன்பு சாவியக்கா பத்திரப்பதிவு அலுவலகத்தின் பின்வாசலில்தான் பார்த்திருக்கிறாள்.

"எல்லாருக்கும் என் கதை தெரியும், மறைக்க ஒண்ணுமில்ல," என்று அவர் அமைதியாகத் தொடங்கினார். "நான் ஒரே மனையை மூணு பேருக்கு வித்தேன். மூணு பேருமே சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தர்கிட்டகூட மனையைப் பத்தி ஒரு குறை சொன்னதில்ல. சொத்தைத் தாழ்த்திப் பேசினதா என்மேல இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது. அதைப் பார்த்துத்தான் ஆணையம் என்னை இங்க நிறுத்தியிருக்கு."

"அந்த மூணு பேரும் இப்ப எங்க சார்?" என்று பின்வரிசையிலிருந்து பெயர்ப்பலகைத் தரகர் கேட்டார்.

"கோர்ட்டுல. அடிக்கடி சந்திச்சுச் சந்திச்சு நல்ல சிநேகிதமாயிட்டாங்க. ஒரு மனை மூணு குடும்பத்தைச் சேர்த்து வெச்சிருக்கு பாருங்க."

பிறகு அவர் கரும்பலகையில் எழுதினார். சுவரில் ஓதம் ஏறியிருந்தால், 'இயற்கையான குளிர்ச்சி'. ஜன்னல் இல்லாத அறை, 'தூசி புகாத அறை'. முட்டுச்சந்து என்றால், 'வாகனத் தொல்லை இல்லாத தெரு'. பக்கத்து வீட்டில் தினமும் சண்டை நடந்தால், 'கலகலப்பான அக்கம்பக்கம்'. சுவரில் விரிசல் விட்டிருந்தால் அது 'சுவாசிக்கும் சுவர்'.

"சாவியக்கா, நீங்க சொல்லுங்க. தளம் ஒழுகுற வீட்டுக்கு என்ன சொல்வீங்க?"

"தளத்தைப் பேத்துட்டுப் புதுசா போடணும்னு சொல்வேன்."

வகுப்பு சிரித்தது. மூணு பத்திரக்காரர் சிரிக்கவில்லை. நோயாளியைப் பார்க்கும் டாக்டர் மாதிரி பார்த்தார். "மழையை ரசிக்க ஏத்த வீடு," என்றார். சாவியக்கா எழுதிக்கொண்டாள்.

வீட்டில் கணவர் வாங்க வந்தவராக நடித்து அவளுக்குப் பயிற்சி கொடுத்தார். கழுத்தில் அளவு நாடாவோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "என்னங்க, இங்க ரெண்டு பேரு சேந்தாப்பல நிக்க முடியாது போலிருக்கே?" என்றார்.

சாவியக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "குடும்ப நெருக்கத்தை வளர்க்கிற சமையலறைங்க."

"சுவரெல்லாம் கறுப்பா இருக்கே?"

"அழுக்குத் தெரியாத நிறம்."

தையல்காரர் சுற்றிலும் பார்த்தார். "இத்தனை வருஷமா வாடகைக்கு இருக்கேன், இப்பத்தான் இதை வாங்கலாம்போல இருக்கு," என்றார். அவள் சிரிக்க நினைத்தாள், சிரிப்பு வரவில்லை. இப்படிப் பேசினால்தான் உரிமம், உரிமம் இருந்தால்தான் அடுப்பு. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் மட்டும்தான் கணவருக்குத் தையல் வேலை மும்முரமாக வரும்.

தேர்வு, ஆணையத்துக்குச் சொந்தமான ஒரு வீட்டில் நடந்தது. அபராதம் கட்ட முடியாத ஒரு தரகரிடமிருந்து ஆணையம் எடுத்துக்கொண்ட வீடு அது. குடியிருக்க லாயக்கில்லை என்பதால் தேர்வுக்குப் பயன்பட்டது. பின்னறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. தளத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், ஒழுகிய கறை மட்டும் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. எழுத்தர் வாங்க வந்தவராக நடித்தார். தலைவர் மதிப்பெண் போட வந்தார். அவர் மனைவி ஏதோ விசேஷத்துக்குப் போகிற வழியில் காரில் இருந்தாள். காருக்குள் வெயில் தாங்காமல் இறங்கி உள்ளே வந்துவிட்டாள்.

எழுத்தர் தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டார். சாவியக்கா பதில் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. இயற்கையான குளிர்ச்சி, தூசி புகாத அறை, சுவாசிக்கும் சுவர், மழையை ரசிக்க ஏத்த வீடு. சொல்லச் சொல்ல வேறு யாரோ பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு. தலைவர் தலையாட்டிக்கொண்டே மதிப்பெண் போட்டார்.

"ஏங்க, இங்க வாங்களேன்," என்று பின்னறையிலிருந்து அவர் மனைவி கூப்பிட்டாள். சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். "வெளிய அனலா கொளுத்துது, இங்க தொட்டுப் பாருங்க. அந்தம்மா சொன்னது சரிதான். நம்ம குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும்ல? இந்த மூலையில தொட்டிலைப் போட்டா குட்டி நல்லா தூங்கும்."

கைக்குழந்தையோடு தலைவரின் மகள் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருப்பது சாவியக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைவரின் மனைவி காட்டிய மூலைதான் அந்த வீட்டிலேயே மோசமான மூலை. காலை வைத்தாலே சில்லென்று ஏறும்.

தலைவர் வாசல் பக்கம் போனதும், சாவியக்கா அந்த அம்மாவைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப் போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வாங்காதீங்கம்மா."

"என்னது?"

"அது குளிர்ச்சி இல்ல, ஓதம். மழை வந்தா தளம் ஒழுகும். கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது. நான் உள்ள சொன்னதெல்லாம் பரீட்சைக்குச் சொன்னது."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது.

"யாருக்குப் பேசி வெச்சிருக்கீங்க?"

"யாருக்கும் பேசலம்மா."

"வாங்காதீங்கன்னு சொல்ற தரகரை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். நல்ல பார்ட்டி வந்து காத்துக்கிட்டிருக்கு, அதானே? நாங்க ஒதுங்கிட்டா அவங்களுக்கு முடிச்சுடுவீங்க." அவள் திரும்பி உரக்கக் கூப்பிட்டாள். "ஏங்க, இதை இன்னிக்கே பேசி முடிங்க. வேற யாரோ கண்ணு வெச்சிருக்காங்க."

சாவியக்கா தேர்வில் முதலாவதாகத் தேறினாள். ஆணையத்தின் வரலாற்றிலேயே, தேர்வு முடிந்ததும் தேர்வு வீடே விற்றுப்போனது அதுதான் முதல் முறை என்று தலைவர் பாராட்டிப் பேசினார். பத்திர வேலையை மூணு பத்திரக்காரர் பார்த்தார். இந்த முறை ஒரே பத்திரம்தான் என்று அவரே எல்லோருக்கும் சொன்னார்.

பிறகு மழை வந்தது.

தலைவர் கொடுத்த புகாரைத் தலைவரே விசாரித்தார். வேறு வழியில்லை, ஆணையத்துக்கு ஒரு தலைவர்தான். நடைமுறை கெடக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். முதலில் கீழே இறங்கிப் புகார்தாரர் கூண்டில் நின்றார். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே," என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். ஓதமும் ஒழுகலும் தெரிந்தே மறைக்கப்பட்டதாகவும், தன் குடும்பம் வாளிகளுக்கு நடுவில் படுத்துத் தூங்குவதாகவும் சொன்னார். சொல்லும்போது குரல் கம்மியது. பிறகு மேடையேறி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "புகார்தாரர் சொன்னதை ஆணையம் அனுதாபத்தோட கேட்டுக்கிட்டது," என்றார். எழுத்தர் இரண்டையும் எழுதினார்.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"நான் சொன்னதெல்லாம் இங்க சொல்லிக்கொடுத்த வார்த்தைங்க. நீங்கதான் முழு மார்க் போட்டீங்க," என்றாள் சாவியக்கா.

மூணு பத்திரக்காரர் சாட்சிக்கு அழைக்கப்பட்டார். சொற்கள் சரியான இடத்தில், சரியான அழுத்தத்தோடு பயன்படுத்தப்பட்டதாக அவர் சொன்னார். இப்படிப்பட்ட மாணவி தனக்குக் கிடைத்ததில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். தலைவருக்கு இக்கட்டாகிவிட்டது. தண்டித்தால் பயிற்சி தப்பு; விட்டுவிட்டால் வாளிகள்.

அப்போது அவர் மனைவி எழுந்தாள். தோளில் குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"அவங்கமேல தப்பில்ல. என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. ஓதம், ஒழுகும், குழந்தைக்கு ஆகாது, வாங்காதீங்கன்னு சொன்னாங்க. நான்தான் நம்பல."

சாவியக்காவுக்கு நெஞ்சு லேசானது. தலைவரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆக, உண்மையை மறைக்கல. குற்றச்சாட்டு தள்ளுபடி," என்றார். "ஆனா, வாங்காதீங்கன்னு சொல்லியிருக்கீங்க. ஆணையத்தோட சொத்தை, ஆணையத்தோட தேர்வு நடக்கும்போதே, ஆணையத்தோட மனைவிகிட்டயே தாழ்த்திப் பேசியிருக்கீங்க. பயிற்சி முடிச்சும் திருந்தல. உரிமம் நிரந்தரமா ரத்து."

"அந்த வீட்டை இதுக்குமேல எங்கங்க தாழ்த்தறது?" என்றாள் மனைவி.

"சாட்சி உட்காரலாம்."

தலைவர் கீழே இறங்கி, கூண்டில் நின்று, நியாயம் வழங்கிய ஆணையத்துக்கு நன்றி சொன்னார்.

அதன்பின் சாவியக்கா வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள். நன்றாக வரவில்லை. கணவர் அவள் பார்க்காதபோது பிரித்துத் திரும்பத் தைத்தார். அவள் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தாள். ஒருநாள் மாடி வீட்டு நர்ஸ் வந்தாள். சொந்தமாக ஒரு வீடு பார்க்கப் போவதாகவும், கூட வர வேண்டும் என்றும் சொன்னாள்.

"லைசென்ஸ் இல்லம்மா. தரகு பேசினா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "தரகரா எதுக்குப் போற? சொந்தக்காரியா போ. வீடு பாக்கப் போறவங்க சித்தியைக் கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

அப்படித்தான் அவள் நர்ஸுக்குச் சித்தியானாள். சித்தி மாடிப்படியடியில், பரணில், குழாயடியில் எல்லாம் தலையை விட்டுப் பார்த்தாள். நர்ஸ் அந்த வீட்டை வாங்கவில்லை; அடுத்து பார்த்ததை வாங்கினாள். செய்தி பரவியது. ஒரு வங்கி ஊழியருக்கு அவள் அத்தையானாள். புதிதாகக் கல்யாணமான ஜோடிக்குப் பெரியம்மா ஆனாள். எந்த ஊரிலிருந்தோ வந்த ஒரு டிரைவருக்கு, அவன் பேசும் மொழி முழுசாகப் புரியாமலே, மாமியார் ஆனாள். எல்லோரும் உறவு முறைப்படி அவளைக் கவனித்துக்கொண்டார்கள். அவள் கைப்பையில் மறுபடியும் சாவிகள் சேர ஆரம்பித்தன.

தரகர்கள் பாடுதான் திண்டாட்டமானது. எந்தக் குடும்பம் வீடு பார்க்க வந்தாலும் அதே அம்மா கூட வந்தாள்.

ஆணையம் அவசரக் கூட்டம் போட்டது. "ஒழுங்குமுறைக்கு உட்படாத அத்தைகள் பெருகிட்டாங்க," என்றார் தலைவர். "எந்தப் பயிற்சியும் இல்லாம, எந்தப் பொறுப்பும் இல்லாம, மனசுல பட்டதைச் சொல்றாங்க. ஒரு சொத்து என்ன பாடுபடும்?" வீடு பார்க்க வருகிறவர்களோடு யார் வந்தாலும், என்ன உறவு என்பதைத் தரகர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. பொய் உறவு சொன்னால் அபராதம்.

சுற்றறிக்கையின் மை காய்வதற்குள், தலைவரின் மனைவி சாவியக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். தெருவில் கார் நின்றிருந்தது. உள்ளே தலைவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குட்டிக்கு இன்னும் சளி விடல. வேற வீடு பாத்திருக்கோம். எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்ல." அவள் காரைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னிக்கு நான் உங்களைத் தப்பா நினைச்சேன்."

"நீங்க மட்டுமா நினைச்சீங்க?" என்ற சாவியக்கா, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காரில் குழந்தை அவள் சாவிக்கொத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது.

அந்த வீட்டைக் காட்ட வந்தவர் பெயர்ப்பலகைத் தரகர். தலைவரைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. சாவியக்காவைப் பார்த்ததும் இன்னும் வியர்த்தது. சுற்றறிக்கை சட்டைப் பையிலேயே இருந்தது.

"ஐயா, மன்னிக்கணும். உங்க உத்தரவுப்படி கேட்டாகணும். இந்த அம்மா உங்களுக்கு என்ன உறவு?"

தலைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு அவரையே பார்த்தாள். குழந்தை இருமியது.

"வீட்டுக்காரியோட அக்கா," என்றார் தலைவர்.

"கூடப்பொறந்தவங்களாங்க?"

"கூடப்பொறந்தவங்கதான்யா. கதவைத் திற."

சாவியக்கா உள்ளே போனாள். சுவர்களைத் தட்டினாள், குழாயைத் திறந்தாள், மொட்டைமாடிக்கு ஏறினாள். தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னாலேயே ஏறினார். அவள் குனிந்து பார்த்த இடத்தில் எல்லாம் அவரும் குனிந்து பார்த்தார். தண்ணீர் தேங்கிய பாசி படிந்த ஒரு மூலையில் அவள் குதிகாலால் மெல்ல மிதித்தாள். சிமெண்டு அப்பளம்போல நொறுங்கியது.

"இது வேண்டாம்," என்றாள்.

தலைவர் குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். அப்புறம், "சரிங்கக்கா," என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குக் காரை எடுக்கப் போனார்.